தோட்டத்துக் காவல் காமிராவும் இணைய டேட்டாவின் சிக்கனமும்

கிணற்று மேட்டிலும், களத்து மேட்டிலும், தென்னந்தோப்பின் வாயிலிலும் காவல் காமிரா மாட்டும் வழக்கம் சில ஆண்டுகளாக நமது கிராமங்களில் பரவி வருகின்றது. மோட்டார் கொட்டகையில் செம்புக் கம்பி களவு போவதும், கிடையில் இரவோடிரவாக ஆடு குறைவதும், உரித்துக் குவித்த தேங்காயில் பாதி மறைவதும், காட்டுப் பன்றிகள் கடலைக் கொல்லையை உழுது போடுவதும் விவசாயிகளுக்குப் புதிய துன்பங்களல்ல. இராக்காவலுக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டபடியால் அவ்வேலையை ஒரு யந்திரத்திடம் ஒப்படைக்க எண்ணுவது இயல்பே. ஆனால் காமிரா வாங்கியவர்களில் அநேகர் ஒரு மாதம் கழிந்தபின் சொல்லும் குறை ஒன்றாகவே இருக்கின்றது: “சிம் கார்டுக்குக் கட்டிய டேட்டா பொழுது விடிவதற்குள் தீர்ந்து விடுகிறது, வேண்டிய சமயத்தில் படம் வருவதில்லை” என்பதே அது. இக்குறை எதனால் உண்டாகின்றதென்பதையும், அதனை அதிகச் செலவின்றி நீக்கும் வழியையும் இங்கே கூறப் புகுகின்றோம்.

மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்துள்ள நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் சொல்லுதல் நலம். தோப்பு அவர் வீட்டிற்கு இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. கம்பி வழியாக வரும் இணையம் அங்கே இல்லை. ஆகவே சிம் கார்டு செருகிய ரௌட்டர் ஒன்றைக் கொட்டகையில் வைத்து, கிணற்றை நோக்கி ஒரு காமிராவை மாட்டினார். நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. தரும் திட்டத்திற்குப் பணம் கட்டினார். மெமரி கார்டும் வாங்க வேண்டுமோ என்று அவர் வினவியதற்கு, விற்றவர், “படமெல்லாம் கிளவுடில் போய்ச் சேர்ந்துவிடும், கார்டு எதற்கு?” என்று கூறினாராம். ஐப்பசி மாதத்து இரவொன்றில், பத்து மணி சுமாருக்கு, ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் கேபிள் அடியோடு அறுபட்டுப் போயிற்று. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன ஆள் வந்து செய்தி சொல்லவே, நண்பர் கைப்பேசியைத் திறந்தார். திரையில் வட்டம் சுற்றியதேயன்றி வேறொன்றும் தோன்றவில்லை. பிறகு தேடிப் பார்த்ததில், முந்தின நாள் பின்னிரவு ஒன்றே முக்கால் மணிக்குப் பிற்பட்ட பதிவு எதுவுமே ஒழுங்காக இல்லையென்று தெரிந்தது. புதுக் கேபிள் வந்து சேரும் வரையில் தோப்பிலிருந்த இளங்கன்றுகள் வாடின. போலீஸ் நிலையத்தில் கேட்ட முதற் கேள்வி, “காமிரா இருந்ததே, படம் எங்கே?” என்பது.

காமிரா பழுதாகவில்லை; இரவு முழுவதும் அது கண் விழித்துத்தான் இருந்தது. கணக்கிலேதான் பிசகு. அது விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் படத்தை ஓயாமல் கிளவுடுக்கு அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்தது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 2 மெகாபிட் என்பது விநாடிக்கு 250 கிலோபைட். இவ்வீதத்தில் 1.5 ஜி.பி. முழுவதும் 6,000 விநாடியில், அதாவது 100 நிமிஷத்தில் செலவாகிவிடும். நாளளவு நள்ளிரவு 12 மணிக்குப் புதுப்பிக்கப்படுகின்றது. 1 மணி 40 நிமிஷத்திற்கு அது தீர்ந்து போகின்றது. அதன்பின் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படுவது இத்தகைய திட்டங்களில் பெருவழக்கு. முப்பது பங்கு நீர் ஓட வேண்டிய வாய்க்காலில் ஒரு பங்கு மட்டும் கசிந்தால் கடைமடைக்கு என்ன போய்ச் சேரும்? அந்நிலையிலேயே அக்காமிரா இருபத்திரண்டு மணி நேரத்திற்கு மேல் நின்றது. கள்வன் வந்த பத்து மணி அந்த நேரத்திற்குள் அடங்கிவிட்டது.

பெரிய திட்டமாக வாங்கினால் சரியாகுமோ என்று சிலர் கேட்கின்றனர். விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓயாமல் அனுப்பினால் மணிக்கு 450 எம்.பி.யும், நாளொன்றுக்கு 10.8 ஜி.பி.யும் செலவாகும். 2 மெகாபிட்டானால் 21.6 ஜி.பி.; நான்கானால் 43.2 ஜி.பி. இவை ஒரு காமிராவுக்கு மட்டும். களத்துக்கொன்று, கொட்டகைக்கொன்று, வாயிலுக்கொன்று என்று மூன்று வைத்தால் மும்மடங்கு. நாளுக்கு 2 ஜி.பி., 3 ஜி.பி. கிடைக்கும் சிம் கார்டு இதற்கு ஒருக்காலும் போதாது. ஆதலின், திட்டத்தைப் பெருக்குவதைவிட மடையை அடைப்பதே செய்யத்தக்கது.

வைஃபை வேறு, இணையம் வேறு

பலருக்கும் உள்ள மயக்கம் ஒன்றை இங்கே தெளிவாக்க வேண்டும். காமிராவிலிருந்து ரௌட்டருக்கும், ரௌட்டரிலிருந்து பதிவுப் பெட்டிக்கும் வைஃபை மூலமாகவோ கம்பி மூலமாகவோ படம் செல்வதற்குச் சிம் கார்டின் டேட்டா ஒரு துளியும் செலவாகாது. அது நமது கிணற்று நீர் நமது வரப்புக்குள்ளேயே ஓடுவது போன்றது. எவ்வளவு ஓடினும் முறைக் கணக்கில் சேராது. படம் ரௌட்டரைத் தாண்டி வெளியே புறப்படும்போதுதான் கணக்குத் தொடங்குகின்றது. அவ்வாறு புறப்படுவதற்கு மூன்று காரணங்கள் உள. ஓயாத பதிவு கிளவுடுக்குச் செல்வது ஒன்று. அசைவு கண்டபோதெல்லாம் ஒரு சிறு துண்டுப் படம் செல்வது மற்றொன்று. வீட்டிலோ வெளியூரிலோ இருப்பவர் கைப்பேசியில் நேரடிக் காட்சியைத் திறந்து பார்ப்பது மூன்றாவது. இம்மூன்றும் இல்லாதபோது, காமிரா தான் உயிரோடிருப்பதைத் தன் நிலையத்துக்கு அவ்வப்போது அறிவிக்கும் சிறு செலவே மிஞ்சும், அது பொருட்படுத்தத்தக்கதன்று.

எனவே செய்ய வேண்டுவது இதுதான்: படம் முழுவதும் தோட்டத்திலேயே பதிந்து தங்க வேண்டும், வெளியே போவது “ஆள் வந்திருக்கின்றான்” என்னும் செய்தியும், அதனோடு கூடிய ஒரு சிறு படமுமாக இருக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரைப் பகுதியில், இரயில் பாதையைக் கடக்கும் யானைகளைக் காப்பதற்காக வனத்துறையினர் கோபுரங்களின் மேல் காமிராக்களை நிறுவினர். யானை பாதையை நெருங்குவதைக் காமிரா கண்டதும் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை போகின்றது. அங்கிருந்து இரயில்வேக்காரருக்குச் சொல் போகின்றது. என்ஜின் ஓட்டுபவருக்கு யானையின் படம் வேண்டுவதில்லை. வேகத்தைக் குறைக்கும்படியான ஒரு வார்த்தை உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால் போதும். நமது கிணற்றுக்கும் இம்முறையே பொருந்தும்.

முதலில் குற்றவாளியைக் கண்டறிக

காமிராவின் மேல் பழி சுமத்துமுன் அதுதான் டேட்டாவைக் குடிக்கின்றதா என்று பார்க்க வேண்டும். ரௌட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அதன் முகவரியும் கடவுச்சொல்லும் அச்சிட்டிருக்கும். அம்முகவரியைக் கைப்பேசியின் பிரௌசரில் இட்டால், அன்றைய செலவும் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலும் பெரும்பாலான ரௌட்டர்களில் தெரியும். ஒரு நாள் காமிராவை அணைத்து வைத்து ரௌட்டரை மட்டும் ஓடவிடுக. மறுநாள் காமிராவையும் ஓடவிடுக. இரண்டு நாட் செலவையும் ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். நாம் அறிந்த ஓரிடத்தில் காமிராவை அணைத்த பிறகும் 1 ஜி.பி.க்கு மேல் செலவாகிக் கொண்டிருந்தது. வைஃபையின் கடவுச்சொல் தேங்காய் வெட்ட வந்தவர்கள் அனைவருக்கும் தெரிந்திருந்தது. மதிய உணவுக்குப் பின் கொட்டகை நிழலில் சினிமா நடந்துகொண்டிருந்தது! கடவுச்சொல்லை மாற்றியதோடு அக்கேடு நீங்கிற்று. அவர்கள் மேல் கோபிப்பதற்கு ஒன்றுமில்லை. சுவரில் சாக்கட்டியால் கடவுச்சொல்லை எழுதி வைத்தவர் தோப்புக்காரரேயாவர்.

பதிவைத் தோட்டத்தில் நிறுத்துதல்

காமிரா வாங்கும்போது அதில் மெமரி கார்டு செருகும் வாய் உண்டா என்று கேட்டு வாங்குக. இல்லாத காமிரா தோட்டத்திற்கு ஆகாது. 64 ஜி.பி. கார்டில், விநாடிக்கு 1 மெகாபிட் வீதம், ஏறக்குறைய 6 நாட்களின் ஓயாத பதிவு அடங்கும்; 128 ஜி.பி. ஆனால் அதனினும் இரட்டிப்பு. கார்டு நிறைந்ததும் பழைய பதிவை அழித்துக்கொண்டு புதியது ஏறும். காமிராவின் செயலியில் கிளவுடுக்கு ஓயாது பதிவேற்றும் ஏற்பாடு இருந்தால் அதை நிறுத்திவிட்டுக் கார்டில் பதியும் ஏற்பாட்டை இயக்குக. மாதச் சந்தா கட்டியிருப்பின் அதையும் நிறுத்தலாம். நண்பரின் தொல்லையில் பெரும் பங்கு இந்த ஒரு செயலால் தீர்ந்தது.

மூன்று நான்கு காமிரா வைத்திருப்பவர்கள் தனித்தனிக் கார்டுக்குப் பதிலாக ஒரு பதிவுப் பெட்டி வைத்து அதில் ஹார்டு டிஸ்க் மாட்டுவது நல்லது. கடைகளில் இதனை என்.வி.ஆர். என்பர். கொட்டகையில் எலியும் ஈரமும் அணுகாத இடத்தில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள், காற்று போக்குக்குத் துளைகள் விட்டு வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்கலாகாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். “கள்வன் காமிராவையே பிடுங்கிக்கொண்டு போனால் கார்டும் கூடப் போய்விடுமே?” என்பர். உண்மைதான். அதற்காகவே அசைவு கண்டதும் ஒரு நிழற்படத்தையாவது வெளியே அனுப்பச் சொல்லுகின்றோம். காமிராவைக் கழற்ற வருபவன் அதை நெருங்கித்தான் வர வேண்டும். நெருங்கும் முகம் முதலில் கைப்பேசிக்குப் போய்விடும். ஒரு படம் 150 கிலோபைட் என்று கொண்டால், நாளைக்கு முப்பது படம் போனாலும் 5 எம்.பி. ஆகாது. பதினைந்து விநாடித் துண்டாக 1 மெகாபிட் வீதம் அனுப்பினால் ஒன்றுக்கு 2 எம்.பி.க்குச் சற்றுக் குறைய ஆகும். முப்பதுக்கு 60 எம்.பி.க்குள் அடங்கும். 1.5 ஜி.பி.யில் இது ஒரு மூலைக்குக் காணாது.

சிலந்தியும் வாழையிலையும்

ஆனால் முப்பது எச்சரிக்கையோடு நின்றால்தானே! இவ்விஷயத்தில் நடைமுறைத் தொல்லை மிகுதி. சாதாரண அசைவறியும் ஏற்பாடு, படத்தில் ஏதேனும் மாறினால் அதனை அசைவென்று கொள்ளும். காற்றில் ஆடும் வாழையிலை, மேகத்தின் நிழல், மழைத்தாரை, சாலையில் திரும்பும் லாரியின் விளக்கு, கட்டிப் போட்டிருக்கும் மாடு ஆகிய யாவும் அதற்குக் கள்வரே. இரவில் இன்னும் மோசம். காமிராவின் அகச்சிவப்பு ஒளியில், லென்ஸுக்கு அருகே பறக்கும் சிறு பூச்சியும் பெரிய வெண்பந்தாகத் தோன்றும். அப்பூச்சிகளை நாடி வரும் சிலந்தி காமிராவின் முகத்திலேயே வலை கட்டும். காற்றில் அவ்வலை அசையுந்தோறும் ஓர் எச்சரிக்கை புறப்படும். ஓரிரவில் அறுநூறு எச்சரிக்கை போயிற்றென்று வைத்துக்கொண்டால், பதினைந்து விநாடித் துண்டுகளின் கணக்கில் 1,100 எம்.பி.க்கு மேல் ஆகிவிடும். சிலந்தி ஒன்று ஒரு நாளின் டேட்டாவை உண்டுவிடும் என்று சொன்னால் நகைக்க வேண்டாம். அன்றியும் அறுநூறு முறை பொய் சொன்ன கைப்பேசியை அறுநூற்றோராவது முறை யார் எடுத்துப் பார்ப்பர்?

இதற்குப் பரிகாரம் சில உண்டு. வாரமொரு முறை, லென்ஸை விட்டு, காமிராவின் முகப்பையும் கூரையையும் மெல்லிய துணியாலோ தூரிகையாலோ துடைக்க வேண்டும். செயலியில் அசைவைக் கவனிக்க வேண்டிய பரப்பைக் கோடிட்டுக் காட்டும் வசதி இருக்கும். கிணற்று வாயும் ஸ்டார்ட்டர் பெட்டியும் வரும் பாதையும் மட்டும் உள்ளடங்குமாறு கோடிட்டு, வானத்தையும் மரக்கிளைகளையும் நீக்கிவிடுக. மனித உருவத்தை மட்டும் தெரிந்தெடுக்கும் ஆற்றல் இப்போது சாதாரண விலைக் காமிராக்களிலும் கிடைக்கின்றது. அதனை இயக்கினால் பொய் எச்சரிக்கை பெரிதும் குறையும். ஆனால் காட்டுப் பன்றிக்காக வைத்தவர் அதை இயக்கலாகாது. பன்றி வரும்போது காமிரா வாளாவிருக்கும். கூர்மையளவை நடுத்தரத்திற்குக் கீழே வைத்து, இரண்டு இரவு பார்த்து, பிறகு கூட்டியோ குறைத்தோ சரிசெய்வதே அனுபவத்தில் கண்ட வழி. ஆட்கள் வேலை செய்யும் பகற்பொழுதில் எச்சரிக்கையை நிறுத்தி, மாலை ஏழு முதல் காலை ஐந்து வரை மட்டும் இயங்குமாறு நேரம் குறித்து வைக்கலாம்.

மின்சாரம் எட்டாத இடங்களில் சூரிய ஒளியில் இயங்கி, தனக்குள்ளேயே சிம் கார்டு செருகிக்கொள்ளும் காமிராக்களை வைக்கின்றனர். இவற்றில் பல, உடற்சூட்டின் அசைவை அறியும் உணரி ஒன்றால் விழிப்பூட்டப்படும் வரையில் உறங்கிக்கொண்டே இருக்கும். பாட்டரியைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடாயினும் டேட்டாவுக்கும் அது அனுகூலமாகின்றது. ஓயாத பதிவு இவற்றில் இராது என்பதை மட்டும் அறிந்து வாங்க வேண்டும்.

படத்தின் அளவைக் குறைத்தல்

செயலியின் அமைப்புப் பக்கத்தில் மெயின் ஸ்ட்ரீம், சப் ஸ்ட்ரீம் என இரண்டு இருக்கும். முன்னது பெரிய படம். பின்னது சிறிய படம். கார்டில் பதிவதற்குப் பெரியதையும், கைப்பேசியில் பார்ப்பதற்குச் சிறியதையும் வைத்துக்கொள்ள வேண்டும். சிறியதை விநாடிக்கு 256 கிலோபிட்டில் அமைத்தால் ஒரு மணி நேரம் பார்த்தாலும் 115 எம்.பி.தான் செலவாகும், 2 மெகாபிட்டில் பார்ப்பவருக்கு அதே ஒரு மணியில் 900 எம்.பி. போய்விடும். கைப்பேசியின் சிறு திரையில் இவ்விரண்டுக்கும் பெரிய வேற்றுமை தோன்றாது. சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் பெரிய படத்துக்கு மாற்றிப் பார்க்கலாம்.

படத்தைச் சுருக்கும் முறைகளில் எச்.264 என்பது 2003இலும், எச்.265 என்பது 2013இலும் வகுக்கப்பட்டவை. பிந்தியது ஏறக்குறைய அதே தெளிவை முந்தியதன் பாதி அளவில் தரக்கூடியது. காமிராவில் இரண்டும் இருந்தால் எச்.265ஐத் தெரிந்தெடுக்க. பழைய கைப்பேசியில் படம் தடைப்பட்டால் சப் ஸ்ட்ரீமை மட்டும் எச்.264இல் விடலாம்.

விநாடிக்கு எத்தனை படம் என்பதைக் குறிக்கும் பிரேம் ரேட்டை 25இலிருந்து 8 அல்லது 10ஆகக் குறைத்தால் டேட்டா குறையுமென்று பலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இது பாதி உண்மை. பிட் ரேட்டை மாறாத அளவாக வைத்துவிட்டுப் பிரேமை மட்டும் குறைத்தால் செலவாகும் டேட்டா அவ்வளவேதான். ஒவ்வொரு படமும் சற்றுத் தெளிவாகும். இரண்டையும் சேர்த்துக் குறைத்தால்தான் மிச்சம் கிடைக்கும். காட்சிக்கேற்ப மாறும் பிட் ரேட்டை வைப்பவர்கள் உச்ச வரம்பையும் குறித்தல் அவசியம். இருட்டில் படத்தில் புள்ளி புள்ளியாக எழும் மணலைப் போன்ற கலக்கத்தையும் அசைவென்றே கொண்டு காமிரா அதிக பிட்டைச் செலவிடும். ஆகவே அசைவற்ற நடுநிசியில் செலவு குறைவதற்குப் பதில் ஏறுவதைக் காணலாம். கொட்டகையில் ஒரு சிறு விளக்கை எரிய விடுவது படத்துக்கும் நல்லது, டேட்டாவுக்கும் நல்லது, கள்வனுக்கு மட்டுமே கெட்டது.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். பழைய தொலைபேசி முறையில் ஒலியை அனுப்பும் காமிராக்களில் அதற்கு மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட் போகும். ஓயாமல் அனுப்பினால் நாளொன்றுக்கு 690 எம்.பி.; தவளைச் சத்தத்திற்கு இது அதிக விலை.

பார்ப்பவர்களால் உண்டாகும் செலவு

நிற்க, யந்திரத்தால் ஆகும் செலவைவிட மனிதரால் ஆகும் செலவு சில வீடுகளில் மிகுதி. தோட்டத்துக் காட்சியைக் கூடத்திலுள்ள பெரிய டி.வி.யில் நாள் முழுவதும் ஓடவிட்டு வருபவர்க்கெல்லாம் காட்டும் பெருமிதம் சில இல்லங்களில் உண்டு. சிங்கப்பூரிலிருக்கும் மகன், ஊர் நினைவு வந்தபோது தோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, மூடாமல் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான். அவன்மேல் குறை சொல்ல மனம் வரவில்லை. அப்பன் நட்ட தென்னையைப் பார்க்கத்தானே திறந்தான்! எனினும் பெரும்பான்மைக் காமிராக்கள் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே படத்தை அனுப்புகின்றன. இருவர் பார்த்தால் தோட்டத்துச் சிம்மில் செலவு இரட்டிப்பு. அத்துடன் பார்ப்பவருடைய கைப்பேசியிலும் அதே அளவு கழியும். செயலியைக் குடும்பத்தில் இருவர் அல்லது மூவரோடு நிறுத்தி, பார்த்ததும் மூடுமாறு சொல்லி வைப்பதும், மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு நிழற்படம் அனுப்புவதும் போதும். காமிராவோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவோர், முன்பின் அறியாதவரும் பார்க்க இடங்கொடுக்கின்றனர். அந்தச் செலவும் தோட்டக்காரர் தலையிலேயே விழும்.

வீட்டு இணையத்தைத் தோட்டத்துக்குக் கொண்டு செல்லுதல்

வீட்டில் கம்பி வழி இணையம் உள்ளவர்கள் தோட்டத்திற்குத் தனிச் சிம் கார்டு வைக்க வேண்டியதில்லை. வீட்டு மாடியில் ஒன்றும் தோட்டத்துக் கொட்டகைமேல் ஒன்றுமாக இரண்டு வெளிப்புற வைஃபைத் தட்டுக்களை நேருக்கு நேர் பொருத்தினால், இரண்டு கிலோமீட்டர் வரையில் இணைப்பு நன்றாகக் கிடைக்கும். இதற்குப் பயன்படும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளியிடங்களில் உரிமமின்றிக் குறித்த சக்திக்குள் உபயோகிக்க நமது நாட்டில் 2018ஆம் ஆண்டில் அனுமதி வழங்கப்பட்டது. ஒன்றையொன்று தடையின்றிப் பார்க்க வேண்டுமென்பதே இதற்குரிய நிபந்தனை. நடுவே தென்னந்தலைகள் இருந்தால் கம்பத்தை அவற்றினும் உயர்த்த வேண்டும். இளந்தோப்பானால் ஐந்து ஆண்டுக்குப் பின் மரம் எவ்வளவு உயரும் என்பதையும் இப்போதே எண்ணிக்கொள்ளுக. முதற் செலவு சற்று அதிகந்தான். ஆனால் மாதந்தோறும் சிம்முக்குக் கட்டும் பணம் மிச்சமாகும். பதிவுப் பெட்டியையும் தோட்டத்தில் வைக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். கள்வன் கைக்கு எட்டாத பதிவுக்கு இதனினும் சிறந்த ஏற்பாடு எமக்குத் தெரியவில்லை.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

ஊர்ப் பொதுவில் பணம் சேர்த்துத் தெருமுனையிலும் கண்மாய்க் கரையிலும் காமிரா வைக்கும் ஊராட்சிகளில் மேற்சொன்ன யாவும் பொருந்தும். பதிவுப் பெட்டி அலுவலகத்தில் இருக்க, காமிராவிலிருந்து அதுவரையில் கம்பி இழுத்துவிட்டால் இணையமே தேவையில்லை. பெட்டியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒருவரைக் குறித்தல் அவசியம். பிறர் குளிக்கும் துறையையும் வீட்டு முற்றத்தையும் காமிரா பார்க்காதபடி திருப்பி வைக்க வேண்டும். இதில் அஜாக்கிரதையாயிருந்தால், களவைத் தடுக்க வைத்தது கலகத்தை உண்டாக்கும்.

களவு நேர்ந்தபின் செய்ய வேண்டியதையும் அறிந்திருத்தல் நலம். கார்டில் பழையது அழிந்து புதியது ஏறிக்கொண்டே இருக்குமாதலால், புகார் எழுதும் அன்றே அந்நேரத்துப் பதிவைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்; நாலு நாள் பஞ்சாயத்துப் பேசிவிட்டு வந்து தேடினால் ஒன்றும் இராது. கார்டையோ ஹார்டு டிஸ்கையோ அழிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது அதற்குரிய சான்றிதழும் உடனிருத்தல் வேண்டும். எச்சாதனத்தில் பதிந்தது, யார் பொறுப்பில் இருந்தது என்பவற்றைக் குறித்து வைத்துக்கொண்டால் அச்சான்றிதழ் பெறுவது எளிது. இணையத்தோடு தொடர்பில்லாமல் நெடுநாள் ஓடும் காமிராவின் கடிகாரம் பிசகுவதுண்டு. களவு பத்து மணிக்கும் படம் பகல் இரண்டு மணிக்குமாக இருந்தால் எதிர்க்கட்சி வக்கீலுக்கு அதுவே போதும். மாதமொரு முறை நாளும் மணியும் சரியாக உள்ளனவா என்று நோக்குக.

நமது நண்பர் இப்பொழுது அதே காமிராவையும் அதே 1.5 ஜி.பி. திட்டத்தையுமே வைத்திருக்கின்றார். 128 ஜி.பி. கார்டு ஒன்று செருகினார். ஓயாத பதிவேற்றத்தை நிறுத்தினார். கிணற்றைச் சுற்றிக் கோடிட்டு, மனித உருவத்துக்கு மட்டும் எச்சரிக்கை வருமாறு அமைத்தார். நாட்செலவு பெரும்பாலும் 100 எம்.பி.க்குள் நிற்கின்றது. ஓயாமல் எழுதப்படும் கார்டு காலப்போக்கில் தேய்ந்து, வெளிக்கு ஒன்றும் தெரியாமல் பதிவை நிறுத்திவிடக்கூடும் என்று சொல்லியிருந்தோம். அதனால் ஒவ்வொரு மாதமும் அமாவாசைக்கு முந்தின நாள் தோப்புக்குப் போய், காமிராவின் முகத்தைத் துடைத்து, முந்தின இரவின் பதிவில் இரண்டு மூன்று இடங்களை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகின்றார். சென்ற மாதம் பார்த்தபோது, இரவு இரண்டு மணிக்கு முள்ளம்பன்றி ஒன்று கிணற்று மேட்டைச் சாவதானமாகக் கடந்து போனது தெளிவாகப் பதிந்திருந்ததாம்.